முத்தநாதனும் 108 மணவேட்பாளர்களும்

ஹோமரின் ஒடிசியில், தலைவன் ஊரில் இல்லாத ஒரு வீட்டில் 108 பேர் வந்து உண்கின்றனர். பெனலோப்பை மணக்கும் விருப்பத்தைக் காரணமாகக் காட்டி, மூன்றாண்டுகளுக்கும் மேலாக அவ்வீட்டின் கால்நடைகளையும் மதுவையும் தீர்த்துவருகின்றனர். விருந்து முறையைச் சிதைத்த விருந்தினர் என்றால் மேலைக் கல்வியுலகம் முதலில் சுட்டுவது இவர்களையே. இதற்குத் தமிழில் இணை தேடுவோர் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுப்பதுண்டு. ஆனால் அவ்வதிகாரம் விருந்தளிப்பவனை நோக்கியது. வந்தவன் கொடியவனாயின் என் செய்வது என்னும் வினா அங்கு எழவில்லை. அவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம்.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாது பலமுறை தோற்ற முத்தநாதன், நீறு பூசிச் சடை முடித்து, சுவடிக்கட்டினுள் படைக்கருவியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். அடியார் கோலம் கண்ட காவலர் வழிவிடுகின்றனர். இறுதி வாயிலில் நின்ற தத்தன் மட்டும் அரசர் உறங்கும் வேளை என்று தடுக்கிறான். அவனையும் மீறி உள்ளே சென்றவன், எவரும் அறியாத ஆகமம் கொணர்ந்ததாகக் கூறி, அரசியையும் அகலச் செய்கிறான். அரசர் அவனை மேலிருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்குகிறார். சுவடிக்கட்டு அவிழ்கிறது, அரசர் குத்துண்டு வீழ்கிறார். வாளோங்கிப் பாய்ந்த தத்தனை அவரே தடுத்து, இவர் நம்மவர், ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடு என்று பணிக்கிறார்.

இரு காப்பியங்களிலும் விருந்தும் வேடமும் பிணைந்தே வருகின்றன, திசைதான் நேர்மாறு. ஒடிசியில் வீட்டுக்குடையவனே இரவலன் வேடத்தில் தன் வீட்டுக்குள் நுழைகிறான். அந்தினோஸ் அவன்மீது கால்மணையை எறிகிறான். க்தேசிப்பஸ் மாட்டுக் குளம்பை எறிந்து, இதுவே உனக்கு விருந்துப் பரிசு என்று எள்ளுகிறான். வேடம் களையப்படும்போது வில் பேசுகிறது. (அந்த வில்லை ஒடிசியஸுக்கு அளித்த இஃபிதஸ், தனக்கு விருந்தளித்த ஹெராக்ளிஸின் கையாலேயே மாண்டவன். ஹோமர் இதைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்வதுபோல் தோன்றினும், தற்செயல் என நான் கருதவில்லை.) சேக்கிழாரிடத்திலோ பகைவன் வேடம் புனைகிறான், அது பொய்யென வெளிப்பட்ட பின்னரும் அரசர் அதனைக் களைய மறுக்கிறார்.

சொற்களும் ஈண்டு நோக்கத்தக்கன. கிரேக்க ‘ஸெனோஸ்’ அயலானையும் விருந்தினனையும் விருந்தளிப்பவனையும் ஒருங்கே குறிக்கும். கடமை இருபாலதாதலின் மீறிய விருந்தினனைத் தண்டிக்க முடிகிறது. ‘விருந்து’ என்பதன் அடிப்பொருள் புதுமை. அது வந்தவனைக் குறிக்குமேயன்றி வரவேற்பவனைக் குறிப்பதில்லை. சொல்லிலிருந்து பண்பாட்டை அப்படியே வருவித்துவிடலாகாது என்பதையும் உடன் சொல்லவேண்டும். அன்றியும் முத்தநாதன் பெற்றது விருந்தினனுக்குரிய இடமன்று, அடியாருக்குரிய இடம். சங்கப் பாடல்களின் பாணரும் பரிசிலரும் வந்துநின்ற வாயிலில் பெரியபுராணம் அடியாரை நிறுத்துகிறது. இயற்பகையாரிடமும் சிறுத்தொண்டரிடமும் பொறுக்கவொண்ணாததைக் கேட்டு வந்தவர் சிவனே என்பது முடிவில் தெளியும். முத்தநாதன் இறுதிவரை முத்தநாதனே. ஆதலின் இக்கதை அவற்றினும் கடுமையானது.

இதனைக் கண்மூடிய பக்தி என்று ஒதுக்குவோர் தத்தனின் பயணத்தைப் படிக்காமல் கடந்துவிடுகின்றனர். இதாகாவில், மாண்டோரின் உறவினர் படைதிரட்டி வர, அதீனா தோன்றியே பழிக்குப்பழியை நிறுத்த வேண்டியிருந்தது. திருக்கோவலூரிலும் செய்தியறிந்த மக்கள் கொலைஞனைச் சூழ்கின்றனர். அங்கே தெய்வம் வரவில்லை. ஒரு வாயிற்காவலன் அரசனின் ஆணையைச் சொல்லிச் சொல்லி அவர்களை விலக்கி, ஆளற்ற காட்டில் அவனை விட்டுத் திரும்புகிறான். அச்செய்தியைக் கேட்கும்வரை அரசர் உயிர்தாங்கிக் கிடக்கிறார். சிவன் காட்சியளிப்பது அதன் பின்னரே.