ஹார்மோனியம் இல்லாத நாடகம்

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒரு மரப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள் என்றால், இன்றைய பிள்ளைகள், "இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பார்கள். அதிசயம் பெட்டியில் இல்லை. அது பாடிய காலத்தில் இருக்கிறது.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி திறக்கப்பட்டது. திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் தேதி. அந்தச் செப்டம்பரிலேயே யுத்தம் மூண்டுவிட்டது. ஆக, நம் வானொலி வாய் திறந்து பேசப் பழகியதே குண்டுச் சத்தத்தின் நடுவில்தான். சிவகாசிப் பக்கத்து அச்சங்குளம் போன்ற கரிசல் காட்டு ஊர்களில் அன்று மின்சாரம் ஏது? பாட்டரியில் ஓடும் செட்டாக இருக்க வேண்டும். அதற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். பாட்டரி இறங்கிவிட்டால், வித்வான் சரணத்தின் நடுவிலேயே நின்றுவிடுவார்!

நிகழ்ச்சி தொடங்குமுன் வரும் முத்திரை இசை நினைவிருக்கிறதா? அதை அமைத்தவர் வால்ட்டர் காஃப்மன். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிப் பம்பாய் வந்து சேர்ந்த யூதர். வீடிழந்த மனிதர் ஒருவரின் வயலின் மெட்டைக் கேட்டுத்தான் நம் வீடுகள் விழித்தெழுந்தன.

பிறகு கச்சேரி. ஒலிநாடா வராத காலம். வித்வான் நிலையத்துக்கே வந்து, தலையாட்ட ஒரு ரசிகர்கூட இல்லாத அறையில், கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடவேண்டும். சபையில் நாலு மணி நேரம் விஸ்தாரமாகப் பாடிப் பழகியவருக்கு அது என்ன அவஸ்தையாக இருந்திருக்கும்! ஆனால் அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். கச்சேரிக்கும் கதம்பத்துக்கும் நடுவே யுத்தச் செய்தி வரும். பாட்டுக்காக உட்கார்ந்தவர்கள் அதையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

நாடகத்துக்கு வருவோம். எங்கள் சீமையில் நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஹார்மோனியம். மேடையில் ராஜபார்ட் யாராக இருந்தாலும், கீழே பெட்டிக்கு முன் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறவர்தான் உண்மையான ராஜா. அந்த ஹார்மோனியத்தை 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து வானொலியில் தடை செய்துவிட்டார்கள்! கமகம் பேசாத அன்னிய வாத்தியம் என்பது காரணம். தடை தளர 1971 ஆயிற்று. கச்சேரிக்கு அந்த நியாயம் பொருந்தலாம். நாடகத்துக்கு? விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த காதுக்கு, ஹார்மோனியம் இல்லாத நாடகம் உப்பில்லாத கூழ்தான்.

இன்னொன்றும் அங்கே இல்லை. சிவகாசியில் பிறந்தவர் விசுவநாததாஸ். முருகன் வேஷம் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடுவார், சிறைக்குப் போவார், திரும்பி வந்து அதையே பாடுவார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில் மேடையில் மயில் மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. சர்க்கார் ஒலிபெருக்கியில் அந்த மாதிரிப் பாட்டுக்கு எப்படி இடமிருக்கும்?

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னையே மூட்டை கட்டியது. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் கொஞ்சமா? கடிதம் நின்றுபோயிற்று. மகன் இருக்கிறானா என்று கேட்க அந்தப் பெட்டியை விட்டால் வேறு கதி என்ன?

முதலில் பெர்லினிலிருந்தும், 1943-லிருந்து கிழக்கேயிருந்தும் நேதாஜியின் குரல் வந்தது. எதிரி வானொலியில் கேட்டதை வெளியே பரப்பினால் குற்றம். நாடகம் முடிந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு முள்ளைத் திருப்பியவர்களும் உண்டு. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே நாலு வார்த்தை அகப்படும். யாராவது வந்து, "ராத்திரி என்ன கேட்டீர்கள்?" என்றால் பதில் தயாராக இருக்கும்: "கச்சேரி!"