உறவிலிருந்து விண்ணப்பத்துக்கு: இளநிலை மாணவர் கோடை ஆய்வின் வரலாறு

1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைச் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர் கல்கத்தாவில் கழித்தார். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக ஆய்வகத்தில் அப்போது ராமன் விளைவு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கே. எஸ். கிருஷ்ணன் போன்ற ஆய்வாளர்கள் நாள் முழுதும் அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயது மாணவருக்கு அவர்களருகில் இருக்கக் கிடைத்தது. அந்த ஆண்டே அவருடைய முதல் கட்டுரை இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வந்தது. பின்னர் ஜெர்மானிய இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவரைத் தேடிச் சென்று பேசினார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன சொம்மர்ஃபெல்ட், உலோக எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதைப் படித்ததன் விளைவாக எழுந்த கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

சந்திரசேகரின் ஆற்றலில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கல்கத்தா ஆய்வகத்தின் கதவு அவருக்குத் திறந்ததற்கு உறவும் ஒரு காரணம்: அங்கே ராமன் விளைவைக் கண்டறிந்த சி. வி. ராமன் அவருடைய சிற்றப்பா. அன்று மாநிலக் கல்லூரியில் அவருடன் படித்த மற்ற மாணவர்களுக்கு அப்படியொரு கோடை கிடைக்க எந்த ஏற்பாடும் இல்லை. கோடை ஆய்வுத் திட்டங்களின் வரலாற்றை, அறிமுகத்தால் கிடைத்துவந்த வாய்ப்பு எவரும் விண்ணப்பித்துக் கேட்கக்கூடிய ஒன்றாக மாறிய வரலாறாகவே இக்கட்டுரை காண்கிறது.

இந்த மாற்றம் பெரிய அளவில் முதலில் நடந்தது அமெரிக்காவில். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அறிவியல் கல்விக்கு அமெரிக்க அரசு பணத்தை வாரி வழங்கத் தொடங்கியது. அந்த வேகத்தில் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்கள் ஆய்வில் பங்கேற்பதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. அதன் உயிர்நாடி உதவித்தொகைதான். கோடையில் கடையிலோ வயலிலோ உழைத்து அடுத்த ஆண்டுக் கட்டணம் சேர்க்கவேண்டிய மாணவர், சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் நிற்க முடியாது. இதைச் சிறு விவரமாகக் கருதிக் கடப்பவர்கள் உண்டு. யார் ஆய்வாளராக முடியும் என்பதைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் முடிவு.

இதற்கிடையே பல்கலைக்கழகங்களும் தாமாக முயன்றன. போலராய்டு கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட், மாணவருக்கு முதலாண்டு முதலே சொந்த ஆய்வு வேண்டும் என்று 1957இல் எம்ஐடியில் பேசினார். அவருடைய ஆதரவோடு 1969இல் இயற்பியலாளர் மார்கரெட் மெக்விகார் அங்கு இளநிலை மாணவர் ஆய்வுக்கான யூரோப் (UROP) திட்டத்தைத் தொடங்கினார். அது ஆண்டு முழுவதும் நடப்பது. கோடைக்கென்றே அமைந்தது 1979இல் கால்டெக்கில் பிறந்த சர்ஃப். அதில் மாணவர் வழிகாட்டியுடன் பேசித் தம் ஆய்வு முன்வரைவைத் தாமே எழுதவேண்டும். நடுவில் அறிக்கை தரவேண்டும். முடிவில் கருத்தரங்கில் நின்று பேசவேண்டும். ஆய்வாளர் வாழ்வின் முழுச் சுற்றும் பத்து வாரத்தில் அடங்கிவிடுகிறது.

1980களின் தொடக்கத்தில், ரீகன் ஆட்சியின் நிதி வெட்டில் அறக்கட்டளையின் பழைய திட்டம் நின்றது. 1987இல் ஆர்இயூ என்ற பெயரில் புதிய வடிவம் வந்தது. ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்து மாணவர்கள், எட்டு முதல் பத்து வாரங்கள். அவர்களில் கணிசமானோர் வெளிக் கல்லூரிகளிலிருந்து, குறிப்பாக ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்து வரவேண்டும் என்பது இதன் முக்கிய விதி. பெரிய பல்கலைக்கழகம் தன் மாணவர்களையே நிரப்பிக்கொள்ளும் பழக்கத்துக்கு அது தடைபோட்டது.

இந்தியாவில் பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாடமி 1995இல் கோடை ஆய்வு நல்கையைத் தொடங்கியது. 2007 முதல் டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து அதை நடத்துகின்றன. இரண்டு மாதம், உதவித்தொகையுடன் ரயில் கட்டணமும் உண்டு. தொலைதூர ஊர் மாணவருக்கு அந்த ரயில் கட்டணம் எவ்வளவு பெரிது என்பது ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். 2008இல் மத்திய அரசு தொடங்கிய இன்ஸ்பயர் திட்டம், ஆண்டுக்கு 80,000 ரூபாய் கல்வி உதவியில் 20,000 ரூபாயைக் கோடை ஆய்வுக்கும் வழிகாட்டிக்கும் என ஒதுக்கியது.

ஆயினும் அறிமுகத்தின் செல்வாக்கு முழுதும் ஒழியவில்லை. விண்ணப்பத்தோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் போகவேண்டும். தாமே ஆய்வு செய்யும் வாய்ப்புப் பெறாத கல்லூரி ஆசிரியர், மாணவரின் ஆய்வுத் திறமையைப் பற்றி என்ன எழுத முடியும்? இந்திய அகாடமிகளின் கோடை நல்கையில் நான் மிகவும் மதிப்பது இங்கேதான் வருகிறது. மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி ஓய்ந்த ஒருவர் இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு ஜூலையில் தம் வகுப்புக்குத் திரும்பினால், அடுத்து அவர் எழுதும் பரிந்துரையில் மாணவர் என்ன செய்தார், எங்கே தடுமாறினார், எப்படி மீண்டார் என்பதெல்லாம் இருக்கும்.