கலெக்டரும் டெபுடி கமிஷனரும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்றவர் நம்மில் பலர். இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே பிற மாநிலத்தவர் ஆனோரும் உளர். கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், ஹனூரைக் கடந்தபின் கௌதள்ளி என்னும் ஊர் வருகின்றது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அப்பகுதி கும்பினியார் வசமாகி, கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகாலம் தாலூகாவாகச் சென்னை இராஜதானியில் இருந்து வந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள், மாநிலச் சீரமைப்பின்போது, மைசூர் மாநிலத்து மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் அது சாமராஜநகர் மாவட்டம்.

எல்லை மாறியபோது மொழி மட்டுமன்று, மனுவின் தலைப்பில் எழுதவேண்டிய ஆங்கிலச் சொல்லும் மாறிற்று. அதுவரை திம்பம் கணவாயைக் கடந்து கோயமுத்தூர்க் கலெக்டரிடம் முறையிட்டவர்கள், இனி மைசூரிலிருக்கும் டெபுடி கமிஷனரிடம் முறையிட வேண்டியதாயிற்று. இரண்டும் ஆங்கிலம், இரண்டும் மாவட்டத் தலைவரையே குறிப்பன. ஆயினும் தமிழ்நாட்டு வழக்கில் பழகிய செவிக்கு இரண்டாவது சொல் பெரியதோர் ஏமாற்று. டெபுடி கலெக்டர் என்பார் அங்குக் கலெக்டருக்குக் கீழ்ப்பட்டவர். ஆதலின் டெபுடி கமிஷனரும் யாரோ ஒரு பெரிய அதிகாரியின் கையாள் போலவே தோன்றுவார்.

யானும் இதில் இடறியவனே. மொழிபெயர்ப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். கௌதள்ளியில் பிறந்து, இளமையிலேயே மேட்டூரில் குடியேறிய பெரியவர் ஒருவர், தம் தந்தையாரின் நிலம் பற்றிய பழைய ஆங்கில உத்தரவு ஒன்றைக் கொணர்ந்து தமிழாக்கித் தருமாறு வேண்டினார். அகராதியைப் புரட்டி, ஒப்பமிட்டவர் 'துணை ஆணையர்' என்று எழுதிக் கொடுத்தேன். துணைவர் ஒப்பம் செல்லாதென அஞ்சிய அவர், ஆணையரின் ஒப்பத்தைத் தேடிச் சாமராஜநகர் வரை போய் அலைந்து திரும்பினார். அகராதிப்படி சொல் சரி, ஆள்தான் தவறு.

இவ்வேறுபாட்டின் வேர் பழையது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வங்காளத்து ஜில்லாக்களில் கலெக்டர்களை அமர்த்தினார். வரி திரட்டுவது அவர்கள் தொழில், பெயரும் அதுவே. பின்னர் நீதியும் காவலும் அப்பதவியோடு சேர்ந்தபோதும் பெயர் மாறவில்லை. சென்னை இராஜதானியிலும் அதே பெயர் நிலைத்தது. மைசூரின் கதை வேறு. 1831இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியைக் கும்பினியார் தம் கையில் எடுத்துக்கொண்டு, கமிஷனர்களைக் கொண்டு நடத்தினர். கமிஷன் என்பது, ஒரு காரியத்தை ஒருவரிடம் ஒப்படைத்து அளிக்கும் அதிகாரம். மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை அப்பதவியில் இருந்தார். காலப்போக்கில் மாவட்டங்களை ஆண்டவர்கள் கமிஷனரின் 'டெபுடி'கள் எனப்பட்டனர். 1881இல் உடையார் குலத்தாரிடம் ஆட்சி திரும்பிற்று. பெரிய கமிஷனர் போய்விட்டார். டெபுடிகளோ பெயரோடும் அதிகாரத்தோடும் நின்றுவிட்டனர்!

உட்கோட்டத்தை ஆளும் அஸிஸ்டென்ட் கமிஷனரும் இத்தகையவரே. 'உதவி ஆணையர்' என்றால் எவரோ ஓர் உதவியாளர் என எண்ணுவோம். அவர் தமிழ்நாட்டுக் கோட்டாட்சியருக்கு ஒப்பானவர். அக்கோட்டாட்சியரைத் தமிழ்நாட்டு மக்கள் 'ஆர்.டி.ஓ.' என்பர். கர்நாடகத்தில் அவ்வெழுத்துகளைச் சொல்லி வழி கேட்பவரை, மோட்டார் வண்டிக்கு லைசென்ஸு கொடுக்கும் அலுவலகத்திற்கு அனுப்பிவிடுவார்கள். நிலத்திற்குச் சிட்டா கேட்பதும் அங்குப் பயன்படாது, 'ஆர்.டி.சி.' அல்லது 'பஹணி' என்றே கேட்டல் வேண்டும்.

தாசில்தார் பெயரில் மட்டும் இன்று தொல்லையில்லை. முன்னாளில் மைசூரார் அவரை அமில்தார் என்றனர்.

பெரியவர் திரும்பி வந்தபோது, 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்று திருத்தி வேறொரு படி எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீ.சி. என்று எழுதியிருக்கலாமே, தம்பி. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் கூட அது தெரியுமே!"