இறப்பரும் அரிசியும்: ஓர் ஒப்பந்தம் தரும் படிப்பினை

உதவி, ஒத்துழைப்பு, கூட்டு அபிவிருத்தி என்னும் சொற்கள் நாடுகளுக்கிடையே எழுதப்படும் உடன்படிக்கைகளில் தாராளமாக வழங்குகின்றன. இச்சொற்களின் இனிமையைக் கொண்டு அவற்றின் தன்மையை எடைபோடுதல் வரலாற்று மாணவனுக்குப் பொருந்தாது. எப்பொருளுக்கு எப்பொருள் மாறியது, விலையை நிர்ணயித்தவர் யார், கிடைத்த பயன் எவர் கையிற் சேர்ந்தது என்பனவே அவன் எழுப்பவேண்டிய வினாக்கள். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி பீக்கிங் நகரிற் கைச்சாத்தான இலங்கை–சீன இறப்பர், அரிசி ஒப்பந்தம் இவ்வினாக்களுக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

ஒப்பந்தத்தின் வேர் குடியேற்றவாதப் பொருளாதாரத்திலே கிடக்கின்றது. தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருள்களும் ஏற்றுமதி செய்து, உண்ணும் சோற்றுக்குப் பிற நாட்டை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆங்கில ஆட்சி இத்தீவைக் கொண்டுவந்திருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிப் பங்கீடு வழக்கமாயிற்று. 1948இற் சுதந்திரம் வந்த பின்னரும் இந்த அமைப்பு மாறவில்லை. கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது. வல்லரசுகள் களஞ்சியங்களை நிரப்பி முடித்ததும் அதே வேகத்தில் விழுந்தது. 1952இலோ உலகச் சந்தையில் அரிசி அரிதாகி அதன் விலை ஏறியது. விற்கும் பொருள் மலிந்து, வாங்கும் பொருள் அருகிய இந்த நெருக்கடியே இலங்கையைப் பீக்கிங் நோக்கித் தள்ளியது.

அன்று ஆட்சியிலிருந்தது இடதுசாரி அரசாங்கமன்று. பிரதமர் டட்லி சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி பொதுவுடைமைக்கு வெளிப்படையான பகையுடையது. அவ்வரசாங்கத்தின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்காவே தூதுக்குழுவைத் தலைமைதாங்கிச் சென்றார். சீன மக்கள் குடியரசை இலங்கை 1950 ஜனவரியில் அங்கீகரித்திருந்ததெனினும், இரு நாடுகளுக்கிடையே தூதரக உறவு ஏற்பட்டது 1957இலேயே. கொள்கையால் வேறுபட்ட இரு அரசுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது தேவையன்றி வேறில்லை.

ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பர் அளிப்பது, சீனா 2,70,000 மெற்றிக் தொன் அரிசி அளிப்பது என்பதே ஒப்பந்தத்தின் சாரம். இறப்பருக்குச் சீனா உலகச் சந்தை விலையிலும் கூடிய விலை கொடுத்தது. இலங்கையின் இறப்பர் விளைவில் ஏறக்குறைய பாதிக்கு உறுதியான சந்தை கிடைத்தது. அன்பளிப்பு, கடன் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஒருவரிடம் மிகுந்ததை மற்றவருக்கு இல்லாததோடு மாற்றிக்கொண்டனர், அவ்வளவே.

இந்த எளிய செயலும் வல்லரசின் சினத்தைத் தூண்டிற்று. 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்கு யுத்தத் தளபாடங்கள் அனுப்புவதைத் தடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. இலங்கையோ அச்சபையில் இடம்பெற்றது 1955 டிசம்பரிலேதான். அவ்வாறிருந்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தன் 1951ஆம் ஆண்டின் ‘பற்றில் சட்ட’த்தைக் காட்டி 1956 வரை இலங்கைக்குப் பொருளாதார உதவி வழங்க மறுத்தது. 1950இல் கொழும்பிலே கூடிய பொதுநலவாய நாடுகளின் மகாநாட்டிற் கருக்கொண்டு, 1951 ஜூலை முதலாந் திகதி தொடங்கிய கொழும்புத் திட்டம் நம் மாணவர்க்குப் புலமைப்பரிசிலும் நிபுணர் உதவியும் தந்தது உண்மையே. ஆயின் பானையில் அரிசி இல்லாத வேளையிற் கைகொடுத்தது, உதவி என்ற பெயரே தாங்காத இந்த வியாபார ஒப்பந்தம்.

இத்தோடு நின்றால் வரலாறு பாதியே சொல்லப்பட்டதாகும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1953ஆம் ஆண்டிலேயே பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. அக்டோபரிற் பிரதமர் பதவி துறந்தார். கடல்கடந்து வந்த அரிசி ஏழையின் கலத்தை எவ்விலையில் அடையவேண்டும் என்பதைப் பீக்கிங் ஒப்பந்தம் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது கொழும்பு.

இறப்பர் பக்கமும் இதே கதைதான். 1953இற் சட்டமான மீள்நடுகை மானியத் திட்டத்தாலும், பின்னர் அதற்குச் சீனா அளித்த நிதியாலும் முதிர்ந்த மரங்கள் அகற்றப்பட்டுப் புதியவை நடப்பட்டன. மண்ணின் வளத்தை எதிர்காலத்துக்குக் காக்கும் நற்பணி அது. ஆயின் விடியற்காலையிற் கத்தியோடு சென்று பால்வெட்டிய தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலான மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய், வாக்குரிமையும் இழந்து நின்றனர். நாட்டுக்குச் சோறு தேடித்தந்த கைகளுக்கு அந்நாட்டில் இடமில்லை என்ற முரண்பாட்டை எவ்வாறு மூடிமறைப்பது?

ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு, இவ்வேற்பாடு 1982 வரை நீடித்தது. இன்று பண்டங்கள் மாறியுள்ளன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் டிஜிட்டல் துறை ஒத்துழைப்புக்கு உடன்பாடு செய்தன. அதே வேளை சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சூரிய ஒளியும் தகவலும் இன்றைய இறப்பரும் அரிசியுமாகியுள்ளன. அயல்நாடுகள் கூடி உழைப்பதை நாம் வரவேற்போம். ஆயின் 1952 நமக்குக் கற்பித்தது ஒரு பாடம், 1953 கற்பித்தது மற்றொன்று. சிறிய நாடும் தன் தேவையறிந்து நியாயமான விலைபேச முடியும் என்பது முதலாவது. நாடுகளுக்கிடையே நியாயம் கிடைத்தாலும், நாட்டுக்குள்ளே அதை மக்கள் போராடியே பெறவேண்டும் என்பது இரண்டாவது. புதிய ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் இவ்விரு பாடங்களையும் கொண்டு வாசிக்க மாணவர்க்குக் கற்பித்தல் நம் ஆசிரியர்களின் கடன்.