அடுப்படி லைட்டரும் பள்ளிப் பிள்ளைகளும்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது சரித்திரம் எழுதுங்க சார்" என்று கேட்டபோது ஹாஸ்டல் மெஸ் சரித்திரம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விலங்கியல் படித்தவன் என்ற உரிமையில், பள்ளிப் பிள்ளைகள் குழு சேர்ந்து உயிர்த்தொழில்நுட்பப் போட்டிக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

2003 ஜனவரி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு பருவங்களுக்கு நடுவே ஒரு மாத இடைவெளி வரும். அதில் நடந்த ஒரு வகுப்பில், விட்டு விட்டு மின்னும் பாக்டீரியாவை வடிவமைப்பதுதான் மாணவர்களுக்கு வேலை. வகுப்பை நடத்தியவர்களில் ஒருவரான டாம் நைட் அடிப்படையில் கம்ப்யூட்டர்க்காரர். ரேடியோ கடையில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் வாங்கிக் கோப்பது போல, டி.என்.ஏ. துண்டுகளையும் ஒரே மாதிரி முனைகளோடு செய்து வைத்தால் யாரும் எடுத்துக் கோக்கலாமே என்று அவர் யோசித்தார். அந்தத் துண்டுகளுக்கு 'பயோபிரிக்' என்று பெயர். 2004-ல் 5 பல்கலைக்கழகங்கள் போட்டியில் இறங்கின. 2005-ல் 13 குழுக்கள். அதுதான் 'ஐஜெம்'.

2011-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு பிறந்தது. சும்மா சொல்லக் கூடாது, முதலில் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. நாமெல்லாம் எம்.எஸ்ஸி.யில் கரும்பலகையில் படமாகப் பார்த்த ஜீன் ஒட்டும் வேலையை, மீசை முளைக்காத பிள்ளைகள் செய்வதாவது! ஆனால் செய்தார்கள். ஆராய்ச்சியோடு விடுவதில்லை. இது யாருக்கு உபயோகம், என்ன விலைக்கு விற்கும், ஆபத்து உண்டா என்று வெளியே போய் விசாரித்து வரவும் வேண்டும். 2012-ல் தொழில் தொடங்கும் திட்டங்களுக்கென்றே ஒரு பிரிவும் வைத்தார்கள்.

இதில் ஒரு நெருடல் உண்டு. குழுவைப் பதிவு செய்யவே சில ஆயிரம் டாலர். ஆய்வகச் செலவு தனி. பாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ.வை நுழைக்க ஒரு வழி, அதற்கு நொடியில் சிறு பங்கு நேரம் மின்அதிர்ச்சி கொடுப்பது. செல்லின் சவ்வில் நுண்துளைகள் திறக்கும், டி.என்.ஏ. உள்ளே போய்விடும். அந்தக் கருவி ஆயிரக்கணக்கான டாலர். எந்தப் பள்ளி வாங்கும்? வசதியுள்ள பள்ளிதான் வாங்கும், அதுதான் ஜெயிக்கும். திறமைப் போட்டி என்ற பெயரில் பணப் போட்டி!

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த அத்தியாயம் வருகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் லாம்பெர்ட் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. ஐஜெமுக்குத் தொடர்ந்து குழு அனுப்பி வந்த பள்ளி. அதன் ஆசிரியை ஜேனட் ஸ்டாண்டவென், ஜார்ஜியா டெக்கில் இருந்த சாத் பாம்லாவின் ஆய்வுக்குழுவோடு சேர்ந்தார். பாம்லா நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதற்கு முன்பே, நூலை இழுத்தால் சுழலும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் போலக் காகிதத்தில் சென்ட்ரிபியூஜ் செய்த குழுவில் இருந்தவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது லைட்டரை. அழுத்தினால் 'டக்'கென்று பொறி வருகிறதே, உள்ளே ஒரு படிகத்தைச் சிறு சுத்தியல் தட்டுவதால் வரும் மின்சாரம் அது. பாட்டரி வேண்டாம், பிளக் வேண்டாம், 2,000 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும்! அதை முப்பரிமாண அச்சில் செய்த கூட்டுக்குள் வைத்துப் பேனா போல ஆக்கினார்கள். 'எலெக்ட்ரோபென்' என்று பெயர். செலவு 23 சென்ட். 2020 ஜனவரியில் பிளாஸ் பயாலஜி இதழில் கட்டுரையாக வந்தது. கட்டுரை எழுதியோர் பட்டியலில் பள்ளி ஆசிரியையின் பெயரும் உண்டு. ஒரு முன்னாள் மாணவனாக அதைப் படித்தபோது, நமக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையில் வந்தது?

பதிவுக் கட்டணம் இன்னும் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

செய்முறையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். கூட்டை அச்சடித்துத் தருவதாகப் பேரன் சொல்லியிருக்கிறான். லைட்டரை வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். தேறினால் சந்திப்பு நாளன்று நம்ம துறைக்கு ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறேன்.