கொதிநீரும் ஊவா மலைநாடும்

அடுப்பிலேற்றிய நீர் கொதிக்கத் தொடங்கியபின், எவ்வளவு விறகிட்டாலும் வெப்பமானி மேலேறுவதில்லை. இடப்பட்ட வெப்பம் எங்கே சென்றது? 1761ஆம் ஆண்டளவில் கிளாசுக்கோப் பல்கலைக்கழகத்தில் இவ்வினாவை ஆராய்ந்த யோசேப்பு பிளாக்கு என்பார், நீரை ஆவியாக்குவதிலேயே அது செலவாகின்றது எனக் கண்டு, அதற்கு மறைவெப்பம் எனப் பெயரிட்டார். வெப்பத்தை ஒரு பாய்பொருளெனவே அறிஞர் பலர் கருதிய காலம் அது. எனினும் அவர் கண்ட உண்மை நிலைத்தது. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கலோரி போதும். கொதிநிலையில் அதனை முற்றும் ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். மூலக்கூறுகளை அவற்றின் பிணிப்பினின்றும் பிரிப்பதற்கே இப்பெருஞ்செலவு.

பிளாக்கின் நண்பரான யேம்சு உவாற்று, நீராவிப் பொறியில் வீணாகும் வெப்பத்தைக் குறைக்க வழிகண்டு 1769இல் காப்புரிமை பெற்றார். அவ்வாவியின் வலியே பிற்காலத்தில் இலங்கையின் மலையேறிற்று. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து தெமோதரை வளைவைக் கடந்து பதுளை சேர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேதான் பதுளைப் பாதை நிறைவுற்றது.

இப்பாதையின் உச்சி, பட்டிப்பொலைக்கு அண்மையில், கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு வளியமுக்கம் குறைவாதலின் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடிய கொதிகலத்துக்கோ இக்குறையில்லை. உள்ளே அமுக்கம் பத்து வளிமண்டல அளவாயின், நீர் 180 பாகையளவிலேயே கொதிக்கும். ஆயினும் உந்தித் தள்ளியபின் புகைக்கூண்டு வழியே வெளியேறும் ஆவியோடு மறைவெப்பமும் போயிற்று. எரிபொருளின் வெப்பத்தில் பத்திலொரு பங்கேனும் இழுவைக்குப் பயன்பட்டதில்லை. 1954இல் கனடாவிலிருந்து டீசல் இழுபொறிகள் வந்தமைக்கு இவ்வீண்செலவும் ஒரு காரணமெனல் தகும்.

தேயிலைத் தொழிற்சாலைகளும் இம்மறைவெப்பத்துக்கே விறகெரித்தன. பச்சைக் கொழுந்தில் முக்காற்பங்குக்கு மேல் நீர். அது கொதியாமல் உலரினும் ஏறக்குறைய அதே வெப்பத்தைக் கேட்கும். ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்று அதில் ஒரு பகுதியைக் கூலியின்றிக் கொடுத்தது. எஞ்சியதை உலர்த்தும் அடுப்பு கொடுத்தது.

புகையிரதத்தின் வரலாற்றை எழுதியோர் லயத்து அடுப்பை நோக்கினாரல்லர். அப்புத்தளை மலைகளில் நீர் 95 பாகையளவிலேயே கொதிப்பதால், பருப்பு வேக நெடுநேரமாகும். நீர் தளதளவெனக் கொதிக்கையில் விறகை மேலும் திணித்தாற் சூடு ஏறாது, ஆவிதான் மிகும். நாள் முழுதும் கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண், தான் சுமந்து வந்த விறகை அவ்வடுப்பிலேதான் இட்டாள்.