மணற்பரப்பு முதல் மின்திரை வரை
ஊவாத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு கூறும் பாடம்

கல்வியிற் புதுமை வேண்டும் என்னும் குரல் இன்று எங்கும் ஒலிக்கின்றது. கணினியும் இணையமும் ஒளித்திரையும் வகுப்பறையிற் புகுந்துவிட்டன. கரும்பலகைக்கு முன்னே கைகட்டி நின்று ஒப்புவித்த காலம் போய், மாணவன் தானே தேடிக் கற்கும் காலம் வந்துவிட்டது என்கின்றனர் அறிஞர். மகிழ்ச்சியே! ஆயினும் பதுளை மலைச்சாரலிலே பிறந்து வளர்ந்த நாம் ஒரு வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது. கருவி மட்டும் வந்துவிட்டாற் கல்வி வந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை கூறவல்லது வரலாறு ஒன்றே.

முதலில், கற்பித்தற் கருவி என்பது நேற்றுப் பிறந்ததன்று. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிலே மணலே முதல் ஏடு. விரலே முதல் எழுதுகோல். எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். செலவு ஒரு சதமுமில்லை. முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்பள்ளிகளின் வழக்கம். 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்றூ பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதிப் பயிலும் இந்நாட்டுச் சிறுவரைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. கருவி எளியது, முறை சிறந்தது. இவ்வுண்மையை மனத்திற் கொள்வோமாக.

அடுத்து வந்த பெருங்கருவி அச்சியந்திரம். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பின்பு வகுப்புக்கேற்பப் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். வகுப்புப் பிரிவு, பாடப்புத்தகம், எளிய வசனநடை ஆகியவற்றின் பயனை மிஷன் பாடசாலையிற் கண்டவர், அவற்றைத் தம் மக்களின் தேவைக்கேற்ப ஆக்கிக்கொண்டார். நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளலாம். கொண்டதை நமதாக்குதல் வேண்டும். மிஷன் பாடசாலையிலே கல்வி பெற்று, இந்து வாலிபர் சங்கத்தின் மலரில் எழுதும் நமக்கு இவ்வரலாறு சிறப்பாக உகந்ததாகும்.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து நம் மூதாதையர் கொண்டுவரப்பட்டனர். 1869 இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தோட்டத்து மக்களிடையே உழைப்பதற்கென 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களிற் பள்ளிகளை நடத்திற்று. வேறு சில இடங்களில் கங்காணிமாரின் ஆதரவிலே, லயத்துத் திண்ணையில், மாலை விளக்கொளியிற் பிள்ளைகள் கூடினர். சட்டம் தோட்டத்துப் பிள்ளையை நோக்கியது 1907 ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும் தகுந்த பள்ளி அறையும் அளித்தல் தோட்டத்துரையின் கடமை என்றது. 1920 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது.

அன்பர்களே, இவ்விதியின் உட்பொருளைச் சற்றே சிந்தியுங்கள். காலை 10 மணிவரை அவன் மாணவன். 10 மணி அடித்தபின் அவன் தொழிலாளி! பள்ளியின் நேரத்தை வகுத்தது கல்வியன்று, கொழுந்தும் பிரட்டுமே. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை, கையிலே உடைந்த கற்பலகை. இதுவே நெடுங்காலம் தோட்டப் பாடசாலையின் தோற்றம்.

அதே மலையிலே வேறொரு காட்சியையும் காண்மின். 1924 இற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. தெமோதரையிலே மலையைச் சுற்றி வளைத்துத் தன்மேலேயே தான் செல்லும் பாதை. ஒன்பது வளைவுகளுடன் பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலம். உலகின் சிறந்த பொறியியல் அறிவு இங்கு வந்திறங்கியது. எதற்காக? தேயிலைப் பெட்டியைத் துறைமுகம் சேர்ப்பதற்காக. அப்பாதையோரத்து லயங்களின் பிள்ளைகளுக்கோ அவ்வறிவில் ஒரு துளியும் பள்ளிக்குள் வந்து சேரவில்லை. தொழில்நுட்பம் இல்லாமையாலன்று இக்குறை நேர்ந்தது. அது யாருக்கு என்று தீர்மானித்தவர்களின் எண்ணத்தால் நேர்ந்தது.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் தோட்டப் பாடசாலையிலிருந்து அக்கல்லூரி வாசலுக்குச் செல்லப் படிக்கட்டே இருக்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. பதுளைத் தொகுதியும் ஒரு பிரதிநிதியைத் தந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த தேர்தற் சட்டமும் அக்குரலை அடக்கின. வாக்கில்லாதவன் பள்ளி கேட்டால் யார் செவிசாய்ப்பார்? 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேதான் அவை படிப்படியாகப் பொதுக் கல்வி அமைப்பினுட் சேர்ந்தன.

அதன்பின் வந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. 1980களிலே தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியராக நியமனம் பெற்றனர். சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன; ஆசிரியர் பயிற்சி பெற்றனர். கொட்டகலைக்கருகே சிறீபாத கல்வியியற் கல்லூரி, மலையக ஆசிரியரை உருவாக்கும் நாற்றுமேடையாயிற்று. பிள்ளையின் பேச்சையும் பசியையும் அறிந்தவர் கையில் வெண்கட்டி வந்து சேர்ந்தபோது, பள்ளி உயிர் பெற்றது. இன்று பல்கலைக்கழகங்களிற் பயிலும் மலையக மாணவர் பலர் அவ்வாசிரியர்களின் மாணாக்கரே.

பல வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்னும் இடர் நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலே 2003 இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கிற்று. ஆந்திர மாநிலத்து ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பிள்ளைகளுக்கென உருவான முறையே அதற்கு மூலம். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அவ்வட்டைகளின் வரிசைக்கு ஏணி என்று பெயர். பிள்ளை தன் வேகத்திற்கேற்பப் படியேறும். ஒரு படியைத் தேர்ந்த பின்னரே அடுத்த படி. சுவரின் அடிப்புறத்தில், பிள்ளைக்கு எட்டும் உயரத்திற் கரும்பலகை. ஆசிரியர் பாயில் அமர்ந்து பிள்ளைகளோடு ஒருவராயினார். சில ஆண்டுகளில் மாநில அரசின் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் இம்முறை பரவியது. பின்னர் வேறு திட்டங்கள் அதன் இடத்திற்கு வந்தன. மின்சாரம் வேண்டாத இவ்வட்டை தொழில்நுட்பமன்று என்று யார் கூறுவர்?

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 2020 மார்ச் மாதத்திற் கொவிட் நோய்ப் பரவலால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையவழி வந்தன. நூறு ஆண்டுகளாகப் பின்தங்கி நின்ற தோட்டத்துப் பிள்ளைக்கு இது பொற்காலமாக அமைந்திருத்தல் கூடும். நேர்ந்தது யாது? ஒரு வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையுடன் கொழும்பிலே. இருந்தாலோ, லயத்தில் அலைவரிசை எட்டாது. 2021 இல் நம் பதுளை மாவட்டத்து லுணுகலையிலே, மலையுச்சிக் காட்டில், தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் மரவீடு அமைத்து, அலைவரிசை கிடைக்கும் அவ்விடத்துக்குப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் 40 வீதத்தினரே இணையவழிக் கல்வியிற் பங்குபற்ற முடிகின்றது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அந்நாளில் மதிப்பிட்டது. அன்று 10 மணி என்னும் வேலி. நேற்று அலைவரிசை என்னும் வேலி. வேலியின் பெயர் மாறிற்று. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளை மாறவில்லை.

ஆகவே புதுக் கருவிகளை வெறுத்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. கூறினால் அது அறியாமை. நல்ல விஞ்ஞான ஆசிரியர் வாய்க்காத மலைப்பள்ளிக்கு ஒரு காணொளிப் பாடம் பெருங்கொடையே. ஆயினும் வரலாறு நமக்கு மூன்று பாடங்களைப் புகட்டுகின்றது. கருவி கடைசிப் பிள்ளையையும் எட்டவேண்டும் என்பது ஒன்று. கருவியை ஆளத் தெரிந்த ஆசிரியர் முன்னே வரவேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, பாடம் பிள்ளையின் உலகத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது. நிறையைக் கற்பிக்கக் கொழுந்துத் தராசு இல்லையா? வளைவின் வலிமையைக் காட்டத் தெமோதரைப் பாலம் இல்லையா?

சங்கத்து இளைஞர்காள்! நம் அங்கத்தவருள் பல்கலைக்கழகம் புகுந்தோர் உளர். கணினி கற்றோர் உளர். வாரத்தில் ஒரு மாலை, ஒரு தோட்டத்திலே, ஒரு கணினியும் ஒரு கட்டு அட்டையும் கொண்டு அமர்வோமாயின், அது பெருந்திட்டங்கள் வருமுன்னரே பயன் தரும். மூத்தோரே, கோயில் மண்டபத்தையோ வாசிகசாலையையோ அதற்குத் திறந்துவிடுங்கள். முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுத்தல் நம் திண்ணைப் பள்ளியின் பழைய முறைதான். அதற்கு எந்த அலைவரிசையும் தேவையில்லை.